அலுமாரிக்கு மேல் கிடந்த ஸ்டீரியோ அம்ப்பை மறுபடி பாட வைப்பது: பிளக்கைத் தொடும் முன்பிருந்து ஒவ்வொரு படியாக

தாத்தாவோ பெரியப்பாவோ ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்டீரியோ அம்ப் (பாட்டைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் அம்ப்ளிஃபையர்) கொழும்பில் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அலுமாரிக்கு மேல், பழைய சேலை ஒன்றைப் போர்த்தியபடி. அதை இறக்கித் துடைத்ததும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, பிளக்கைப் போட்டுப் பார்ப்போம் என்பதுதான். இத்தனை வருடம் கெடாமல் கிடந்த அம்ப் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில்தான் கெடுகிறது.

கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்ப் ஒன்றைக் கொண்டு வந்தார். “போட்டுப் பார்த்தேன் அண்ணா. ஒரு தரம் ‘ம்ம்’ என்றது, அப்புறம் பேச்சே இல்லை” என்றார். பின்பக்கத்தில் சில்லறைக் காசால் திருப்பக்கூடிய வோல்டேஜ் சுவிட்ச் ஒன்று இருந்தது. அது 120-இல் நின்றது. உள்ளே இருந்த மெயின் டிரான்ஸ்ஃபோர்மர் எரிந்துவிட்டது. மற்ற எல்லாம் நல்லபடி இருந்தது. அந்த மொடலுக்கு டிரான்ஸ்ஃபோர்மர் தேடி நாங்கள் அலைந்த அலைச்சலுக்குப் பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

இங்கே சொல்வது 1970களிலும் 80களிலும் வந்த டிரான்சிஸ்டர் அம்ப்புகளுக்கும், ரேடியோவும் சேர்ந்த ரிசீவர்களுக்கும் பொருந்தும்: சன்சுய், பயனியர், கென்வுட், டெக்னிக்ஸ், இப்படியானவை. வால்வ் ரேடியோக்களுக்குப் பொருந்தாது. அவற்றின் உள்ளே 250, 300 வோல்ட் டிசி ஓடும். பழக்கமில்லாதவர்கள் முதல் வேலையாக அதில் கை வைக்க வேண்டாம்.

1. பின் தகட்டைப் படியுங்கள்

அம்ப்பை மேசையில் திருப்பி வைத்து, டோர்ச் வெளிச்சத்தில் பின்பக்கத்தை முழுதாகப் படியுங்கள். நமது வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். தகட்டில் 220, 230, 240 என்று இருந்தால் நல்லது. 100 என்று மட்டும் இருந்தால் அது ஜப்பானிலேயே விற்பதற்குச் செய்தது. 117, 120 என்றால் வட அமெரிக்காவுக்குச் செய்தது.

வோல்டேஜ் சுவிட்ச் இருந்தால் அதை 220 அல்லது 240-க்கு மாற்றுங்கள். அதோடு ஃபியூஸையும் பாருங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் அதே வேலைக்குத் தேவைப்படும் அம்பியர் பாதியாகும். ஆகவே 120-க்குப் போட்ட 4 அம்பியர் ஃபியூஸ் 240-இல் காவல் காக்காது. எந்த வோல்டேஜுக்கு எந்த ஃபியூஸ் என்று பெரும்பாலும் அருகிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

100 வோல்ட் மட்டும் உள்ள அம்ப்புக்கு, வீட்டு வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோர்மர் வேண்டும். தகட்டில் 150 வாட் என்று இருந்தால் குறைந்தது 250, 300 வாட் உள்ளதாக வாங்குங்கள். 110 வோல்ட் தருவதை வாங்காமல் 100 தருவதைக் கேட்டு வாங்குங்கள். 10 சதவீதம் கூடினால் உள்ளே எல்லா வோல்டேஜும் 10 சதவீதம் கூடும், பழைய கெப்பாசிட்டர்களுக்கு அது பாரம். தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்க வேண்டும். கையில் பஞ்சு போல இருக்கும் சின்ன ‘கன்வேர்ட்டர்’ பெட்டிகள் இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் போன்ற சூடாக்கும் சாமானுக்கு மட்டும்தான். அம்ப்பை அதில் போடவே கூடாது.

இன்னொரு விஷயம். ஜப்பான் உள்நாட்டு ரிசீவர்களில் எஃப்எம் 76-இல் இருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் இருக்கும். நமது நிலையங்கள் 88-இல் இருந்து 108 வரை பரந்து கிடப்பதால் அந்த ரேடியோவில் அனேகமாக ஒன்றும் பிடிபடாது. அது பழுது இல்லை. அம்ப் பகுதி நன்றாக இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள். அதேபோல ஜப்பானில் பாதி நாடு 50 ஹேர்ட்ஸ், பாதி நாடு 60. அங்கிருந்து வந்த, ஏசி மோட்டர் உள்ள ரெக்கோர்ட் பிளேயரில் 60 ஹேர்ட்ஸ் புல்லி இருந்தால் இங்கே 33⅓-க்குப் பதிலாக நிமிடத்துக்கு 28 சுற்றுக்கும் குறைவாகத்தான் சுற்றும். பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போலக் கேட்கும்.

2. சாமான்களை முதலில் வாங்குங்கள், மூடியை அப்புறம் திறக்கலாம்

பாதி வேலையில் எழும்பிக் கடைக்கு ஓடினால், திரும்பி வரும்போது எந்த ஸ்க்ரூ எங்கே போனது என்று மறந்திருக்கும். ஆகவே முதலே ஒரு நடை புறக்கோட்டைக்குப் போய் வாருங்கள். முதலாம் குறுக்குத் தெருவிலும் அதைச் சுற்றிய ஒழுங்கைகளிலும் அனேகமாக எல்லாம் கிடைக்கும். போயா நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போக வேண்டாம், பூட்டிய கதவுகளைத்தான் பார்ப்பீர்கள்.

வேண்டியவை இவை: டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. டயோட் சோதனையும் மில்லிவோல்ட் அளவும் அதில் இருக்க வேண்டும். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சோல்டரிங் அயன், 60/40 ஈயம், ஈயத்தை உறிஞ்சும் பம்ப், செம்புப் பின்னல் நாடா. எலக்ட்ரோனிக்ஸுக்கான கொன்டாக்ட் கிளீனர் ஒரு டின். ஐசோப்ரோப்பைல் அல்கஹோல் ஒரு போத்தல். மெல்லிய பெயின்ட் பிரஷ். 1 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. கவலையில்லாமல் இழக்கக்கூடிய பழைய சின்ன ஸ்பீக்கர் ஒரு சோடி.

அப்புறம், இழை உள்ள பழைய மாதிரி குண்டு பல்ப்: 60 வாட் ஒன்று, 100 வாட் ஒன்று. இப்போது எல்லாக் கடையிலும் எல்ஈடிதான் நீட்டுவார்கள். எல்ஈடியும் குழல் பல்பும் இந்த வேலைக்கு உதவாது. தேடித்தான் எடுக்க வேண்டும். கிடைத்தால் இரண்டிரண்டாக வாங்கி வையுங்கள்.

3. பல்ப் பெட்டி செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு மரப் பலகையில் அல்லது பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பல்ப் ஹோல்டரும் ஒரு சுவர் சொக்கட்டும் பூட்டுங்கள். பிளக்கில் இருந்து வரும் நியூட்ரலும் எர்த்தும் நேராக சொக்கட்டுக்குப் போக வேண்டும். லைவ் வயர் மட்டும் முதலில் பல்ப் ஹோல்டருக்குள் போய், மற்றப் பக்கத்தால் வெளியே வந்து சொக்கட்டுக்குப் போக வேண்டும். புதிய வயரில் பிறவுண் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். பழைய வயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை. பிளக் 13 அம்பியர் சதுர முள் வகையாக இருந்தால் உள்ளே 3 அம்பியர் ஃபியூஸ் போடுங்கள்.

காரணம் எளியது. குண்டு பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது கரண்டை இலகுவாக விடும், சூடானால் தடுக்கும். அம்ப்புக்குள் ஷோர்ட் இருந்தால் பல்ப் முழுதாக எரியும், அம்ப்புக்குக் கரண்ட் அரை அம்பியரைத் தாண்டாது. டிரான்ஸ்ஃபோர்மரும் டிரான்சிஸ்டரும் தப்பும். ஃபியூஸ் ஷோர்ட்டான பிறகு வெட்டும். பல்ப் முதல் நொடியில் இருந்தே கரண்டை இறுக்கிப் பிடிக்கும்.

வயர் முனை எதுவும் வெளியே தெரியக் கூடாது. நம் வீட்டு டைல்ஸ் தரையில் வெறுங்காலுடன் நிற்பது பழக்கம். இந்த வேலைக்கு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்று மட்டும் நம்ப வேண்டாம். லைவையும் நியூட்ரலையும் ஒன்றாகத் தொட்டால் அதற்கு அது தெரியாது.

4. மூடியைத் திறந்து, தொடாமல் பாருங்கள்

பிளக் சுவரில் இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துவிட்டு மூடியைத் திறவுங்கள். எதையும் தொடும் முன் பத்துப் பன்னிரண்டு படம் எடுங்கள். மேலிருந்து, பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு வயர் கூட்டத்துக்கும் கிட்டே ஒன்று. எடுத்த படம் போதும் என்று தோன்றும்போது இன்னும் நாலு எடுங்கள்.

உள்ளே இரண்டு பெரிய டின் மாதிரி நிற்பவை மெயின் கெப்பாசிட்டர்கள். பழைய ரேடியோ பாஸ்மார் கண்டென்சர் என்பார்கள். கரண்ட் போட்டு எடுத்த அம்ப் என்றால் இவற்றில் மின்சாரம் தேங்கி இருக்கலாம். 1 கிலோஓம் ரெசிஸ்டரின் கால்களில் காப்பிட்ட வயர் சேர்த்து, ஒவ்வொரு கெப்பாசிட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு நிமிடம் பிடியுங்கள். 10,000 மைக்ரோஃபாரட் என்றாலும் அந்த ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும். பிறகு மீட்டரை வைத்து 1 வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷோர்ட் செய்வதை விட்டுவிடுங்கள். பொறி பறக்கும், முனை உருகும், சில வேளை கெப்பாசிட்டரும் போய்விடும்.

இனி கண்ணும் மூக்கும். கொழும்பில் நான் திறந்த அம்ப்புகளில் அடிக்கடி காண்பது பல்லி. வெப்பம் வெளியேறும் துளை வழியாக உள்ளே போய், டிரான்ஸ்ஃபோர்மருக்கும் சர்க்கிட் போர்ட்டுக்கும் இடையே வெள்ளை முட்டைகளை ஒட்டிவிட்டுப் போயிருக்கும். காய்ந்த பல்லி ஒன்று ஹீட் சிங்குக்கு (டிரான்சிஸ்டரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) குறுக்கே கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். பல்லி எச்சமும் சிறுநீரும் விழுந்த இடத்தில் செம்புக் கோடு பச்சை பிடித்து அரித்திருக்கும். அந்த இடத்தை அல்கஹோலால் துடைத்து, கோடு அறுந்திருக்கிறதா என்று மீட்டரால் பாருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இருந்து வருபவற்றில் ஸ்க்ரூ, சொக்கட், தகரம் எல்லாம் உப்புக் காற்றில் துருவேறி இருக்கும். அதை மட்டும் பார்த்து மனம் தளர வேண்டாம். உள்ளே போர்ட் சுத்தமாக இருந்தால் போதும்.

பெரிய கெப்பாசிட்டர்களின் அடியில் பழுப்பு நிறத்தில் காய்ந்த பசை இருந்தால், புதியவர்கள் உடனே “கெப்பாசிட்டர் கசிந்துவிட்டது” என்று முடிவு செய்வார்கள். பெரும்பாலும் அது தொழிற்சாலையில் கெப்பாசிட்டர் ஆடாமல் இருக்க ஊற்றிய பசை. ஆனால் அதை அப்படியே விடவும் கூடாது. புதிதில் வெளிறிய மஞ்சளாக இருந்தது பழசாகிப் பழுப்பாகும்போது, கரண்டைக் கடத்தவும் கிட்டே உள்ள ரெசிஸ்டர் கால்களை அரிக்கவும் தொடங்கும். மரக் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். உண்மையில் கசிந்த கெப்பாசிட்டருக்கு மேற்பகுதி உப்பியிருக்கும், அல்லது கருவாட்டு வாடை போல ஒன்று அடிக்கும்.

மெயின் சுவிட்ச்சுக்குக் கிட்டே, கண்ணாடி மாதிரித் தெரியும் மஞ்சள் உறையில் மயிர் மயிராக வெடிப்பு விட்ட சின்னக் கட்டி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவும் ஒரு வகைக் கெப்பாசிட்டர்தான், ஐரோப்பிய அம்ப்புகளில் அதிகம். ஈரத்தை இழுத்த பிறகு கரண்ட் போட்டால் அது புகை கக்கும். 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 என்று அச்சிட்ட புதியதை அதே அளவில் போடுங்கள். சாதாரணக் கெப்பாசிட்டரை அந்த இடத்தில் போடக் கூடாது.

தூசியைப் பிரஷால் தட்டி, வெளியே வராந்தாவில் வைத்து ஊதுங்கள். தண்ணித் துணி வேண்டாம்.

5. கரண்ட் போடும் முன் மீட்டர் வையுங்கள்

ஃபியூஸ்களைக் கழற்றி ஒவ்வொன்றாக மீட்டரில் பாருங்கள். கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் ஃபியூஸும் அறுந்திருக்கும். ஃபியூஸ் கண்ணாடியின் உட்புறம் கறுத்து வெள்ளி பூசினாற்போல் இருந்தால் உள்ளே பெரிய ஷோர்ட் நடந்திருக்கிறது. வெறுமனே இழை மட்டும் அறுந்திருந்தால் வயதாகியும் போயிருக்கலாம். அம்ப் பாட மறுத்தது என்று யாரோ ஃபியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைத்திருந்ததையும் எடுத்திருக்கிறேன். அப்படிக் கண்டால் உள்ளே ஷோர்ட் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

அடுத்து ஹீட் சிங்கில் பூட்டிய பெரிய டிரான்சிஸ்டர்கள். ஒவ்வொன்றுக்கும் பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று முனை. மீட்டரை டயோட் சோதனையில் வைத்து, கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரண்டு திசையிலும் பாருங்கள். எந்தத் திசையிலும் சுழியத்துக்கு அருகே காட்டிக் கத்தக் கூடாது. பேஸில் இருந்து மற்ற இரண்டுக்கும் ஒரு திசையில் 0.5, 0.6 போலக் காட்டினால் நலம். ஒரு பக்கச் சானலில் காட்டும் எண்ணையும் மற்றப் பக்கத்தில் காட்டும் எண்ணையும் எழுதி ஒப்பிடுங்கள். ஸ்டீரியோவின் பெரிய வசதி இது: ஒரே சுற்று உள்ளே இரண்டு தரம் இருக்கிறது. நல்ல பக்கமே பழுதான பக்கத்துக்குப் பாடப்புத்தகம்.

6. பல்ப் வழியாக முதல் கரண்ட்

ஸ்பீக்கர் எதுவும் பூட்ட வேண்டாம். வொலியூம் சுழியத்தில். பல்ப் பெட்டியில் 60 வாட். 100 வோல்ட் அம்ப் என்றால் வரிசை இப்படி: சுவர், பல்ப் பெட்டி, ஸ்டெப் டவுன், அம்ப். இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வலது கையால் மட்டும் சுவிட்ச்சைப் போடுங்கள்.

பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, இரண்டு மூன்று நொடியில் மங்கி, சிவந்த நூல் போல நிற்க வேண்டும். முதல் வெளிச்சம் காலியான கெப்பாசிட்டர்கள் நிரம்புவது. மங்கினால் பாதி வெற்றி. பளிச்சென்று அப்படியே நின்றால் உடனே நிறுத்துங்கள், உள்ளே ஷோர்ட். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதால் ஷோர்ட் சரியாகாது. மங்கியது மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே வந்தாலும் நிறுத்துங்கள். ஏதோ ஒன்று சூடாகிக் கொண்டிருக்கிறது.

ஸ்பீக்கர் ரிலே (ஸ்பீக்கரை அம்ப்போடு தானாகச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) ‘டிக்’ என்று போடவில்லை என்று இந்தக் கட்டத்தில் பயப்பட வேண்டாம். பல்ப் வோல்டேஜைக் குறைத்துப் பிடிப்பதால் சில ரிலேக்கள் எழும்பாது.

பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, புறங்கையால் ஹீட் சிங்கை உணர்ந்து பாருங்கள். பிறகு 100 வாட் பல்பில் அரை மணி நேரம். அதிலும் அமைதியாக இருந்தால் மட்டும் நேராகச் சுவரில் போடலாம்.

7. ஸ்பீக்கர் முனையில் டிசி அளவிடுங்கள்

மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு சானலின் சிவப்பு, கறுப்பு முனைகளில் பிடியுங்கள். ரிலே போட்ட பிறகு பார்க்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழ் என்றால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். பல வோல்ட் காட்டினால் அந்தச் சானலில் டிரான்சிஸ்டரோ ரெசிஸ்டரோ போயிருக்கிறது.

இந்தப் படியைத் தாண்டி நேராக ஸ்பீக்கரைப் பூட்டியவர்கள் அழகான ஸ்பீக்கர்களை இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். 30 வோல்ட் டிசி, 6 ஓம் கம்பிச் சுருளில் ஏறினால் 150 வாட் வெறும் சூடு. ஒரு சத்தமும் வராமலே சுருள் கருகும். ரிலே இல்லாத அம்ப் என்றால் தடுக்க யாரும் இல்லை.

அளவு சரியாக இருந்தாலும் முதல் பாட்டுக்கு அந்தப் பழைய சின்ன ஸ்பீக்கர்கள்தான். நல்லவை நாளைக்கு வரட்டும்.

8. “ஒரு பக்கம் பாடவில்லை”: முதலில் கிளீனர், அப்புறம்தான் சோல்டரிங் அயன்

அம்ப் எழும்பிவிட்டது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது, குமிழைத் திருப்பினால் கரகரவென்கிறது, அல்லது சத்தமே இல்லை. இந்த இடத்தில்தான் புதியவர்கள் அவசரப்பட்டு டிரான்சிஸ்டரைக் கழற்றத் தொடங்குகிறார்கள். பொறுங்கள்.

சத்தமே இல்லை என்றால் முன்பக்கத்தில் ‘டேப் மொனிட்டர்’ பொத்தான் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அமுங்கியிருந்தால் அம்ப் டேப் வரும் வழியை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். வேறு எதைப் போட்டாலும் ஊமைதான். அடுத்து பின்பக்கத்தில் ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ என்று நாலு சொக்கட் இருக்கிறதா? அவற்றை இணைக்கும் வளைந்த கம்பித் துண்டுகள் இரண்டு இருக்க வேண்டும். வீடு மாறும்போது அவை விழுந்து தொலைந்திருக்கும். சின்ன ஆர்சிஏ வயர் சோடி ஒன்றால் இணைத்தால் அம்ப் பாடும். ஒரு வருடமாகப் ‘பழுது’ என்று கிடந்த அம்ப்பை இந்த இரண்டு கம்பித் துண்டு எழுப்பியதைப் பார்த்து அந்த வீட்டு அம்மா கண் கலங்கினார்.

இனிச் சுத்தம். பிளக்கைக் கழற்றி, வொலியூம், பலன்ஸ், பேஸ், ட்ரெபிள் குமிழ்களின் பின்னால் உள்ள சிறு துளைக்குள் கிளீனரின் குழலை வைத்து ஒரு சொட்டளவு அடியுங்கள். குமிழை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு முப்பது தரம் திருப்புங்கள். உள்ளே உள்ள கரிப் பாதையில் படிந்த அழுக்கைத் துடைப்பது திருப்பும் அந்த அசைவுதான். கிளீனர் அழுக்கை இளக்க மட்டும் செய்யும். ஒவ்வொரு பொத்தானையும் தெரிவுச் சுவிட்ச்சையும் அதேபோல் செய்யுங்கள். ஒரு மணி நேரம் காயவிட்ட பிறகே கரண்ட். கிளீனர் ஆவி தீப்பிடிக்கும்.

துரு நீக்கும் ஸ்ப்ரேயையும் தையல் மெஷின் எண்ணெயையும் அடிக்காதீர்கள். இரண்டு நாள் நன்றாகப் பாடும், பிறகு எண்ணெயில் தூசி பிடித்துச் சேறாகி முன்னை விட மோசமாகும். அப்படி அடித்த குமிழைக் கழற்றிப் பிரித்துக் கழுவ எனக்கு ஒரு முழுப் பின்னேரம் போயிருக்கிறது.

வொலியூமைக் கூட்டினால் மட்டும் ஒரு பக்கம் திரும்பி வருகிறதா? அது பெரும்பாலும் ஸ்பீக்கர் ரிலே. மூடி கழன்று வருமென்றால், மெல்லிய மட்டைத் துண்டை அல்கஹோலில் நனைத்து, தொடுமுனைகளுக்கு இடையே வைத்து, மெதுவாக அமுக்கி இழுங்கள். கறுப்புக் கோடு மட்டையில் வரும். கோடு வருவது நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். மண்தாள் வேண்டாம், முனையில் பூசிய வெள்ளி போய்விடும்.

நான் கைவைத்த அம்ப்புகளில் பலவற்றுக்கு வேலை இந்தப் படியோடு முடிந்தது.

9. கெப்பாசிட்டர் மாற்றுவது

பழசு என்றால் எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்ற வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. நல்லபடி பாடும் போர்ட்டில் அறுபது இடத்தில் சூடு வைத்தால் அறுபது தவறுக்கு இடம் கொடுக்கிறோம். ‘ம்ம்’ என்ற இரைச்சல் வொலியூமைக் குறைத்தாலும் குறையவில்லை என்றால் மெயின் கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். ஒரு பக்கத்தில் பேஸ் சத்தம் மெலிந்திருந்தால் அந்தப் பக்கத்துச் சிறு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை. ஹீட் சிங்குக்கு ஒட்டியே நின்று வருடக் கணக்கில் வெந்தவற்றை மட்டும் கேள்வி கேட்காமல் மாற்றலாம்.

ஒன்றைக் கழற்றுங்கள், ஒன்றைப் போடுங்கள், படம் எடுங்கள், அடுத்ததற்குப் போங்கள். பத்தை ஒன்றாகக் கழற்றாதீர்கள். மைக்ரோஃபாரட் அதே அளவு. வோல்ட் அதே அளவு அல்லது ஒரு படி கூட. 105 பாகை வகையாகக் கேளுங்கள். கெப்பாசிட்டர் உடலில் உள்ள பட்டை மைனஸ் பக்கம். ஆனால் போர்ட்டில் சில கம்பெனிகள் பிளஸைக் குறிக்கும், சில மைனஸைக் குறிக்கும். ஆகவே போர்ட்டில் உள்ள அச்சை நம்பாமல் பழையது நின்ற திசையை நம்புங்கள். திசை மாறினால் அது உப்பி வெடிக்கும். ‘பிபி’, ‘என்பி’ என்று எழுதியவற்றுக்குத் திசை இல்லை. அவற்றின் இடத்தில் சாதாரணமானதைப் போடக் கூடாது.

அயன் 340 பாகை அளவில். அந்தக் காலத்துப் பழுப்பு நிறப் போர்ட்டுகளில் செம்பு இலகுவாக உரியும். மூன்று நொடியில் ஈயம் இளகவில்லை என்றால் இன்னும் அழுத்தாமல், புது ஈயம் கொஞ்சம் சேர்த்து, ஆறவிட்டு, மறுபடி முயலுங்கள். மின்விசிறியை மேசைக்கு நேரே வைத்தால் ஈயம் சரியாக ஓடாது. யன்னல் பக்கம் திருப்பி, புகையை வெளியே தள்ளும்படி வையுங்கள்.

பெரிய டிரான்சிஸ்டர் மாற்ற நேர்ந்தால் ஒரு எச்சரிக்கை. 2என்3055 போன்ற பெயர் போனவற்றில் போலி ஏராளம். மேலே அச்சு அழகாக இருக்கும், உள்ளே நெல்லளவு சில்லுதான் இருக்கும். வாங்கியதைப் பல்ப் பெட்டி வழியாகத்தான் முதலில் ஓட்ட வேண்டும். டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே உள்ள மைக்காத் தகடு கிழியாமல், இரண்டு பக்கமும் மெல்லிய பசை பூசிப் பூட்டி, கலெக்டருக்கும் சட்டத்துக்கும் தொடர்பு இல்லை என்று மீட்டரில் உறுதி செய்யுங்கள்.

10. பயஸ்

பாட்டு இல்லாத நேரத்திலும் பெரிய டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு கரண்ட்தான் பயஸ். டிரான்சிஸ்டரையோ அதன் பக்கத்து உறுப்புகளையோ மாற்றியவர்களுக்கு மட்டும் இந்தப் படி. மற்றவர்கள் உள்ளே இருக்கும் சின்னத் திருகுகளைத் தொடவே வேண்டாம்.

அம்ப் இருபது நிமிடம் சூடேறிய பிறகு, வெள்ளைச் சீமெந்துக் கட்டி போல நிற்கும் எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கே மில்லிவோல்ட் பாருங்கள். 0.47 ஓம் ரெசிஸ்டரில் 10 மில்லிவோல்ட் என்றால் ஏறக்குறைய 21 மில்லி அம்பியர் ஓடுகிறது. உங்கள் மொடலுக்கு எவ்வளவு என்று சர்வீஸ் மனுவலில் இருக்கும். திருகைக் கடுகளவு திருப்பி, காத்திருந்து, மறுபடி பாருங்கள். அளவைக் கூட்டினால் இனிமை கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொழும்பு வெயிலில் அது ஹீட் சிங்கைக் கொதிக்க வைக்கும்.

11. ஸ்பீக்கரும் ஃபோனும்

பழைய ஸ்பீக்கரின் முன் வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை மெதுவாகத் தொடுங்கள். ஃபோம் வளையம் என்றால் நமது ஈரக் காற்றில் அது விரலோடு தூளாக வரும். கூம்பும் சுருளும் நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். உள் விட்டம், வெளி விட்டம் இரண்டையும் அளந்து வாங்குங்கள். ரப்பர், துணி வளையங்கள் பெரும்பாலும் தப்பியிருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 ஓம் போலக் காட்டுவது சரியே.

இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் பூட்டப்பட வேண்டும். 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸைச் சிவப்பு முனையில் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால் பேஸ் காணாமல் போகும், மிருதங்கம் தகர டப்பா போலக் கேட்கும்.

ஃபோனை ‘ஒக்ஸ்’ அல்லது ‘டேப் பிளே’ சொக்கட்டில் பூட்டுங்கள். ‘ஃபோனோ’ என்ற பெயரைப் பார்த்து அதில் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ரெக்கோர்ட் ஊசியில் இருந்து வரும் சில மில்லிவோல்ட்டுக்கானது. ஃபோனைப் போட்டால் காது கிழியும்.

சார்ஜரில் இருக்கும் லப்டொப்பைப் பூட்டியதும் இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால், இரண்டு சாமானின் எர்த்தும் வயர் வழியாகச் சேர்ந்து உண்டாகும் எர்த் வளையம்தான் காரணம். பாட்டு வரும் வயரின் நடுவே சின்ன ஐசொலேட்டர் ஒன்று போட்டால் தீரும். பிளக்கின் எர்த் முள்ளை வெட்டி இரைச்சலை நிறுத்தும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். பிள்ளைகள் தொடும் தகரப் பெட்டி அது.

12. இந்தக் காற்றில் வைத்திருப்பது

மேலே ஒரு சாணுக்குக் குறையாமல் இடம் விடுங்கள். போர்த்தும் துணி பாடாத நேரத்துக்கு மட்டும். பல்லி நுழையும் பெரிய துளைகளுக்குப் பின்னால் மெல்லிய நைலோன் வலையை ஒட்டலாம், காற்று போகும், பல்லி போகாது. கம்பி வலை வேண்டாம், கழன்று போர்ட்டில் விழும்.

ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கும்போது பிளக்கையும் ஏரியல் வயரையும் கழற்றிவிடுங்கள். சுவிட்ச்சை மட்டும் நிறுத்தினால் போதாது.

கிழமைக்கு ஒரு தரமாவது அரை மணி நேரம் பாட விடுங்கள். உள்ளே பிறக்கும் சூடு ஈரத்தை விரட்டும், கெப்பாசிட்டர்களும் நல்ல நிலையில் இருக்கும். நிறுத்திய பிறகு ஒவ்வொரு குமிழையும் கோடிக்குக் கோடி பத்துத் தரம் திருப்பி, ஒவ்வொரு பொத்தானையும் நாலு தரம் அமுக்கி எடுங்கள். டேப் மொனிட்டர் வெளியே வந்து நிற்கிறதா என்று கடைசியாக ஒரு தரம் பாருங்கள்.